குறைந்த புகாருக்குக் கேடயம் வேண்டாம்: ராணுவ மருத்துவமனையில் எதைப் பாராட்டுவது?

ராணுவத்தில் பாராட்டுக்குக் குறைவே இல்லை. பதக்கம் உண்டு, சான்றிதழ் உண்டு, அணிவகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழைப்பதும் உண்டு. ஆனால் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் இந்தப் பழக்கம் சிக்கலாகிவிடுகிறது. இங்கே வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளமே எதுவும் நடக்காமல் போவதுதான். ஒரு சிப்பாய் அறுவை முடிந்து, புண் ஆறி, நல்லபடியாக வீடு திரும்பினால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அவர் வார்டில் இருந்த நாட்களில் யாரோ ஒருவர் மருந்துச் சீட்டை இரண்டாம் முறை படித்திருப்பார், யாரோ ஒருவர் ரத்தப் பையைத் திருப்பி அனுப்பியிருப்பார். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பாராட்டுவது என்பதுதான் இந்தப் பதிவு.

நான் ராணுவச் செவிலியர் அதிகாரியாகப் பல வருடங்கள் வார்டிலும் அறுவை அரங்கிலும் வேலை செய்தேன். அப்புறம் தரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பணியின் கடைசிப் பகுதியில், மற்ற ராணுவ மருத்துவமனைகளில் நடந்த மேம்பாடுகளை நேரில் பார்த்து விருதுக்குப் பரிந்துரைக்கும் குழுவில் இருந்தேன். அந்த வேலையில் கற்றதை, இப்போது அதே நாற்காலியில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேடயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், வருடத்தில் மிகக் குறைவான சம்பவ அறிக்கை வந்த வார்டுக்குச் சுழற்கேடயம் கொடுப்பார்கள். மருந்து மாறியது, நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தது, ரத்தப் பையில் பெயர் பொருந்தாதது என்று எது நடந்தாலும், நடக்க இருந்து தப்பினாலும், எழுதிக் கொடுக்கும் படிவம்தான் சம்பவ அறிக்கை. தவறு குறைந்த வார்டுக்குப் பரிசு என்றால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேடயத்துக்காக எண்ணப்பட்டவை தவறுகள் இல்லை, படிவங்கள்.

ஒருமுறை ஒரு வார்டில் இளம் நர்சிங் அசிஸ்டன்ட் ஒருவர், சலைன் ஆம்பூல், அதாவது சின்ன மருந்துக் குப்பி, வைக்கும் தட்டில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் இருப்பதைப் பார்த்தார். புதிதாக வந்த சரக்கில் இரண்டுக்கும் லேபிள் ஏறக்குறைய ஒரே நிறம். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக ரத்தநாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில் இந்த வகை அடர் கரைசல்களைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று, ஒன்றுபோல் தோன்றும் மருந்துப் பெயர்களைக் கவனிப்பது இன்னொன்று. அந்தப் பையன் சரியாகச் செய்தார். வார்டு சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் உடனே பிரித்து வைத்தார், மருந்தகத்துக்கு ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னார். அத்தோடு முடிந்தது. ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த வார்டின் பெயர் முன்னணியில் இருந்தது, யாரும் படிவம் எழுதவில்லை.

சில வாரம் கழித்து வேறொரு வார்டில் அதே ஆம்பூல் சிரிஞ்சுக்குள்ளேயே ஏறிவிட்டது. இரண்டாவது சரிபார்ப்பில் பிடித்தார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் வார்டிலிருந்து ஒரு காகிதம் வந்திருந்தால், மருந்தகம் அந்தச் சரக்கு முழுவதையும் எல்லா வார்டிலிருந்தும் திரும்ப வாங்கியிருக்கும். அந்தக் காகிதத்தைத் தடுத்தது சோம்பல் இல்லை. நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான் தடுத்தது, அந்த ஆசையை ஊட்டியது நாங்களே அந்த மருத்துவமனையில் வைத்திருந்த பரிசுதான்.

அடுத்து வந்த கட்டளை அதிகாரி கேடயத்தை ஒழிக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் மாற்றினார். அந்த மாதம் வந்த நியர் மிஸ் அறிக்கைகளில், அதாவது நோயாளியைத் தொடும் முன் யாரோ பிடித்துவிட்ட தவறுகளில், எது மருத்துவமனையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்ததோ அதை எழுதியவருக்குக் கேடயம். அன்று படிவம் எழுதப்படாவிட்டாலும், முதல் பெயராக அந்த நர்சிங் அசிஸ்டன்ட்டை அழைத்தார். "சார், நான் பார்த்தேன், சொன்னேன், அவ்வளவுதான்" என்றார் அவர். "அவ்வளவுதான் வேண்டும்" என்றார் கர்னல். அந்த மாதத்திலிருந்து அடர் பொட்டாசியம் பொது வார்டுகளில் இருப்பு வைப்பதை நிறுத்திவிட்டோம்.

அறிக்கைகள் பெருகின. பெருகியதும் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: உங்கள் மருத்துவமனையில் மட்டும் ஏன் இத்தனை சம்பவங்கள்? இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே தயாராக இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையை மட்டும் அனுப்பாதீர்கள். அதில் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தவை எத்தனை, வழியிலேயே பிடிபட்டவை எத்தனை என்று பிரித்து அனுப்புங்கள். மொத்தம் ஏறி, தீங்கின் பங்கு இறங்கினால் அந்த மருத்துவமனையில் கண்கள் திறந்திருக்கின்றன என்று பொருள். ஆயிரக்கணக்கான நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் ஒரு மாதம் முழுக்க ஒரு அறிக்கையும் இல்லை என்றால், நான் அங்கேதான் முதலில் போவேன்.

கப்பலில் தொலைந்த கருவி

இதற்கு முன்மாதிரி ராணுவத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் கார்ல் வின்சனில், ஒரு சாதாரண மாலுமி ஓடுதளத்தில் தன் கருவி ஒன்றைத் தொலைத்துவிட்டார். சின்னக் கருவிதான். ஆனால் அது ஜெட் என்ஜினுக்குள் போனால் விமானமே போய்விடும். அவர் மறைக்கவில்லை, சொன்னார். வானில் இருந்த விமானங்கள் எல்லாவற்றையும் கரையில் உள்ள தளங்களுக்குத் திருப்பிவிட்டு, கருவி கிடைக்கும்வரை தேடினார்கள். மறுநாள் ஓடுதளத்திலேயே முறைப்படி விழா நடத்தி அவரைப் பாராட்டினார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொலைத்தவரும் அவர்தான், சொன்னவரும் அவர்தான். பாராட்டு ஆண்டு விழா வரைக்கும் காத்திருக்கவில்லை, மறுநாளே வந்தது. பூட்டிய அறையில் கைகுலுக்கி முடிக்கவில்லை, அதே இடத்தில், அதே வேலை செய்யும் ஆட்கள் பார்க்கக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் பாராட்டு விழா திட்டமிடும் ஒவ்வொருவருக்கும் இந்த மூன்றையும் சொல்வேன்.

விமானந்தாங்கிக் கப்பல்களை 1980களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். இவ்வளவு ஆபத்தான இடத்தில் விபத்து ஏன் இவ்வளவு குறைவு என்பதே அவர்கள் கேள்வி. அங்கே கண்ட ஒரு விஷயம், ஓடுதளத்தில் ஆபத்தைப் பார்த்தால் மிகக் கீழ்நிலையில் இருப்பவரும் தரையிறக்கத்தை நிறுத்தச் சொல்லலாம். பதவி அங்கே பின்னால் போகிறது, கண்ணால் பார்த்தவர் முன்னால் வருகிறார். மருத்துவத் துறையும் இதுபோன்ற ஆபத்தான துறைகளைப் பார்த்து இதை எடுத்துக்கொண்டது. 2006இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அந்நாட்டின் சுகாதார ஆய்வு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் என்ற குழுப் பயிற்சியும் இதையே கற்றுத் தருகிறது. 2014இல் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் ராணுவ மருத்துவ அமைப்பு முழுவதையும் 90 நாளில் பரிசீலிக்க உத்தரவிட்டார். மொத்தத்தில் வெளி மருத்துவமனைகளுக்கு நிகராகத்தான் இருக்கிறது, ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை தரம் வேறுபடுகிறது என்றது அந்த ஆய்வு. அதற்கு மருந்தாக அவர்கள் கையில் எடுத்ததும் கப்பலில் கண்ட இதே பாடத்தைத்தான், உயர் நம்பகத்தன்மைக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். தவறிப்போனதை மூடி வைக்காமல் வெளியே வைத்துப் பேசியதால்தான் எந்த மருத்துவமனை எதைக் கற்க வேண்டும் என்று தெரிந்தது.

சாக்கடையைச் சுத்தம் செய்தவர்கள்

ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டனும் போரிட்ட கிரிமியப் போரின்போது, இன்றைய இஸ்தான்புல்லில் இருந்த ஸ்குட்டாரி பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டவர்களில் 42 சதவீதத்துக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அது 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அங்கே செவிலியர்களை வழிநடத்திய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் விளக்கு ஏந்திய படம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் இடையில் மார்ச்சில் வந்து இறங்கியது ஒரு சுகாதார ஆணையம். மருத்துவர் ஜான் சதர்லேண்ட், பொறியாளர் ராபர்ட் ராலின்சன் ஆகியோர் அதில் இருந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் இருந்த கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்தார்கள், குடிநீரைச் சரிசெய்தார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் மேன்மையே, போருக்குப் பிறகு அந்தக் கணக்குகளை உட்கார்ந்து ஆராய்ந்து, சிப்பாய்களைக் கொன்றதில் காயத்தைவிட நோயின் பங்கே பெரியது என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டியதில் இருக்கிறது. தன் சேவையைப் பெரிதாக்கவில்லை. சாக்கடையைப் பாருங்கள் என்றார்.

விருதுக் குழுவில் உட்காரும்போது இது எனக்கு எப்போதும் மனதில் இருக்கும். நம் கண் ஒரு முகத்தைத் தேடும். விண்ணப்பத்தில் ஒரு கமாண்டன்ட்டின் படம் இருக்கும், அவருடைய தலைமையில் என்று தொடங்கும். ஆனால் உண்மையான மாற்றம் மருந்து அலமாரியின் அடுக்கில், கை கழுவும் இடத்தின் தூரத்தில், பணி ஒப்படைப்புத் தாளில் புதிதாகச் சேர்ந்த ஒரு வரியில் இருக்கும். அதைச் செய்தவர்கள் பலர். அதில் துப்புரவுப் பணியாளரும், சீருடை அணியாத எழுத்தரும் இருப்பார்கள். ராணுவ விருது விதிகளில் அவர்களுக்கு இடமில்லாத நிலை பல இடங்களில் உண்டு. விதியை மாற்ற முடியாவிட்டால், குழு விருது என்று ஒன்றை உருவாக்கி எல்லோர் பெயரையும் எழுதுங்கள். ஒரு இடத்தில் அறுவைப் புண் தொற்று குறைந்ததற்கு முக்கியக் காரணம், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அறையில் வேலை பார்த்த ஒரு சிவிலியன் பெண்மணி. ஆட்டோகிளேவில் பொட்டலங்களை நெருக்கி அடுக்கினால் நீராவி உள்ளே போகாது என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் படம் வரைந்து ஒட்டியவர் அவர். விண்ணப்பத்தில் அவர் பெயரே இல்லை. நேரில் போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது.

காகிதத்தில் நூறு, அரங்கில் எத்தனை?

நேரில் போவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 2008இல் வந்தது. 19 விஷயங்கள். எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவில், அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. இதைப் படித்த எல்லா மருத்துவமனையும் பட்டியலை அச்சடித்தது. விருதுக்கு வரும் விண்ணப்பங்களிலும் "பட்டியல் நிறைவு 100 சதவீதம்" என்று இருக்கும்.

நான் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. அரங்குக்குள் ஒரு மூலையில் நிற்பேன். கத்தி எடுக்கும் முன் பட்டியல் படிக்கும்போது எல்லோருடைய கையும் நிற்கிறதா, அல்லது ஒருவர் முணுமுணுக்க மற்றவர்கள் துணி விரித்துக்கொண்டிருக்கிறார்களா? படிப்பவர் யார்? அறுவை மருத்துவர் கர்னலாகவும் படிப்பவர் புதிதாக வந்த சிஸ்டராகவும் இருந்தால், அவர் "சார், பக்கம் உறுதியாகவில்லை" என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒரு அரங்கில் இப்படி ஒரு இளம் சிஸ்டர் நிறுத்தினார். எக்ஸ்ரே படம் எதிர்ப்பக்கமாக மாட்டப்பட்டிருந்தது. அறுவை மருத்துவர் இரண்டு அடி பின்னால் வந்து, படத்தைத் திருப்பச் சொல்லி, "நன்றி சிஸ்டர், முதலில் இருந்து படியுங்கள்" என்றார். குரலில் எரிச்சல் துளியும் இல்லை. அந்த அரங்குக்கு நான் கொடுத்த மதிப்பெண் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். முழுமையாக டிக் போட்ட தாள்கள் வைத்திருந்த வேறு பல அரங்குகளில் இதைப் பார்க்க முடியவில்லை.

ஆள் பார்க்கும்போது நாடகம் நடக்காதா என்று கேட்பார்கள். நடக்கும். அதனால் கடைநிலை ஊழியர்கள் சிலரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பேன்: கடைசியாக இங்கே ஏதாவது சரியில்லை என்று நீங்கள் சொன்னது என்ன, அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று? நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உண்மையில் மாறிய இடத்தில், தள்ளுவண்டி தள்ளுபவர்கூட இடம், நாள், ஆள் என்று விவரமாகச் சொல்வார்.

எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். முன்பு உயரமாக ஒரு தூண், பின்பு குட்டையாக ஒரு தூண் என்று படம் போட்டு அனுப்புவார்கள். சின்ன மருத்துவமனையில் தொற்று நான்கிலிருந்து இரண்டானால் "பாதியாகக் குறைந்தது" என்று எழுதலாம், ஆனால் அது அடுத்த மாதம் ஐந்தாகலாம். மாதவாரியாகப் புள்ளி வைத்துக் கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஆறு புள்ளிகளாவது விழுந்தால்தான் மாற்றம் நிஜம் என்று தர மேம்பாட்டில் ஒரு விதி உண்டு. அபூர்வமாக நடக்கும் விஷயங்களுக்கு, ஒரு சம்பவத்துக்கும் அடுத்த சம்பவத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று பார்ப்பது நல்லது. இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: இதைச் சரிசெய்ததில் வேறு எது கெட்டது? நோயாளி விழுவதைக் குறைத்தோம் என்ற ஒரு வார்டில், நடக்க வேண்டியவர்களையும் கட்டிலிலேயே படுக்க வைத்திருந்தார்கள்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு

ராணுவ மருத்துவமனைக்கே உரிய சிக்கல் இது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். இங்கே யாரும் ஒரே இடத்தில் நிலைத்து இருப்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் கட்டளை அதிகாரி போவார், மேட்ரன் போவார், வார்டு சிஸ்டர் போவார். சிறுநீர்க் குழாய் வழித் தொற்றைக் குறைத்த ஒரு வார்டு எனக்குத் தெரியும். தினமும் காலை ஒவ்வொரு நோயாளியிடமும் நின்று, "இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?" என்று கேட்பார் அங்கிருந்த சிஸ்டர். தேவையில்லாத குழாய் அன்றே வெளியே வந்துவிடும். தொற்று நன்றாகக் குறைந்தது, விருதும் கிடைத்தது. அவர் மாற்றலாகிப் போனார். அடுத்த முறை அங்கே போனபோது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

இதே வேலையை வேறொரு மருத்துவமனை செய்திருந்தது. அங்கே அந்தக் கேள்வி பணி ஒப்படைப்புத் தாளில் அச்சாகியிருந்தது. குழாய் போட்ட தேதி நோயாளியின் தலைமாட்டில் இருந்தது. மருத்துவர் காரணம் எழுதாவிட்டால் குறிப்பிட்ட நாளில் சிஸ்டரே எடுத்துவிடலாம் என்று நிலையான உத்தரவு இருந்தது. தொடங்கியவர்கள் எல்லோரும் மாறிப்போன பிறகும், புதிதாக வந்தவர்கள் அதையே வழக்கம் என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். யார் தொடங்கியது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். முதல் வருடம் பாராட்டுக் கடிதம் மட்டும். தொடங்கிய முக்கிய ஆள் மாற்றலாகிப் போன பிறகும் வேலை நிற்கிறது என்றால்தான் விருது. அந்த விருதில் தொடங்கியவர் பெயரும் இருக்கும், அவருக்குப் பின் வந்து காப்பாற்றியவர் பெயரும் இருக்கும். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு முந்தையவர் செய்ததைத் தொடர்வதில் பெருமை கிடையாது என்ற எண்ணம் உண்டு. எல்லோரும் தன் பெயரில் ஒரு புதிய திட்டம் தொடங்கத்தான் பார்ப்பார்கள். காப்பாற்றியவரையும் மேடையேற்றியதில் அது கொஞ்சம் மாறியது.

இறந்தவர்களைத் திரும்பிப் பார்ப்பது

போர்க்கள மருத்துவத்தில் நடந்த பெரிய மாற்றங்களுக்கு அடித்தளம், இறந்தவர்களின் விவரங்களைத் துணிந்து படித்ததுதான். 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் விவரங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மருத்துவமனையை அடையும் முன்பே இறந்தவர்களில் 976 பேர், அதாவது ஏறக்குறைய நான்கில் ஒருவர், பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தவர்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் ரத்தப்போக்கு. தன் சேவையைப் பற்றி இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

அந்நாட்டின் 75வது ரேஞ்சர் ரெஜிமென்ட் இதை முன்பே கையில் எடுத்திருந்தது. மருத்துவப் பணியாளர் மட்டுமல்ல, ஒவ்வொரு வீரரும் டூர்னிக்கே, அதாவது ரத்தப்போக்கை நிறுத்த கை காலில் இறுக்கும் பட்டை, கட்டக் கற்க வேண்டும் என்று கட்டளை அதிகாரிகளே முன்னுரிமை கொடுத்தார்கள். ஒவ்வொரு காயத்தையும் பதிவேட்டில் எழுதினார்கள். 2001 அக்டோபர் முதல் 2010 மார்ச் வரை அவர்களில் 419 பேர் காயமடைந்தார்கள், 32 பேர் இறந்தார்கள். களத்தில் தடுத்திருக்கக்கூடிய மரணம் ஒன்றும் இல்லை. வீரம் என்று நாம் பேசும்போது, குண்டு சத்தத்துக்கு நடுவே டூர்னிக்கே கட்டியவரைச் சொல்கிறோம். மாலையில் உட்கார்ந்து அந்தக் காயத்தைப் பதிவேட்டில் முழுமையாக எழுதியவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க எதுவும் இருந்திருக்காது.

டூர்னிக்கே பற்றி ஒரு விஷயம். வெகு தொலைவில் இருந்த ஒரு முன்னணி உதவி மையத்தில், நர்சிங் அசிஸ்டன்ட் ஒருவர் பையின் வெளியே தொங்கவிட்டிருந்த டூர்னிக்கேக்களை எல்லாம் உள்ளே மாற்றி, ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு கட்டியிருந்தார். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வலுவிழக்கும், முறுக்கும்போது உடையும் என்பது அவர் சொன்ன காரணம். சரியான காரணம். அவர் விருதுக்கு விண்ணப்பிக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆய்வுக்குப் போன மேஜர் ஒருவர் பார்த்து எழுதியதால் எங்களுக்கு வந்தது. இப்படிப்பட்டவர்கள் விண்ணப்பம் போட மாட்டார்கள். படம், வண்ணம், ஆங்கிலம் எல்லாம் சேர்த்து அழகாக எழுதத் தெரிந்த பெரிய மருத்துவமனைகள்தான் போடும். ஒரு பக்கத்துக்கு மேல் விண்ணப்பம் வேண்டாம் என்று வரையறுத்துவிட்டு, மற்றவர் பரிந்துரைக்கும் வழியையும் திறந்து வையுங்கள். என்ன சிக்கல், எப்படித் தெரிந்தது, எதை மாற்றினீர்கள், மாறியது என்று எப்படித் தெரியும், யார் யார் செய்தார்கள் என்பதற்கு ஒரு பக்கம் தாராளம்.

தவறைச் சொன்னவரைப் பாராட்டினால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று வாதாடும் மூத்த அதிகாரிகளைப் பல முறை சந்தித்திருக்கிறேன். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு, ராணுவம் ஒழுங்கால் நிற்கும் அமைப்பு. நான் அவர்களிடம் சொல்வது இதுதான். களைப்பில் கை தவறியது ஒன்று, எல்லோரும் செய்கிறார்கள் என்று குறுக்குவழியில் போனது ஒன்று, தெரிந்தே ஆபத்தை அலட்சியம் செய்தது ஒன்று. முதலாமவருக்கு ஆறுதலும் வேலைமுறையில் திருத்தமும் வேண்டும். இரண்டாமவருக்குப் பயிற்சி வேண்டும், அந்தக் குறுக்குவழி ஏன் தேவைப்பட்டது என்ற விசாரணையும் வேண்டும். மூன்றாமவருக்கு ஒழுங்கு நடவடிக்கை. மூவரையும் ஒரே மேசையில் விசாரித்தால் முதல் இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சம்பவ அறிக்கை வந்து சேரும் மேசையும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் மேசையும் வேறு வேறு அறையில் இருக்க வேண்டும்.

தேர்வுக் குழுவில் நோயாளிகளுக்கும் இடம் கொடுங்கள். சிப்பாய் பெரும்பாலும் குறை சொல்ல மாட்டார், வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். அவர் மனைவி சொல்வார், அவர் அம்மா சொல்வார். எங்கள் குழுவில் ஒருமுறை ஒரு ஹவில்தாரின் மனைவி இருந்தார். நாங்கள் வியந்து பேசிய ஒரு கணினித் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது வந்த பிறகு டாக்டர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாரா?" என்று கேட்டார். அந்த விண்ணப்பத்தை நாங்கள் மறுபடி பரிசீலிக்க வேண்டியிருந்தது.

பாராட்டு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பணம் பெரிதாக எதையும் செய்ததாக நான் பார்க்கவில்லை. பணிப் பதிவேட்டில் ஏறும் ஒரு கடிதம் செய்தது, ஏனென்றால் பதவி உயர்வில் அது பேசும். இரவுப் பணியில் இருக்கும்போது கட்டளை அதிகாரி தானே நடந்து வந்து விசாரித்தது செய்தது. எல்லாவற்றையும் விட, ஒருவர் கண்டுபிடித்த முறையை அடுத்த மருத்துவமனைக்குக் கற்றுக்கொடுக்க அவரையே அனுப்பியது அதிகம் செய்தது. அந்த நர்சிங் அசிஸ்டன்ட்டை டூர்னிக்கே பைகளைச் சரிபார்க்க மற்ற மையங்களுக்கு அனுப்பினார்கள். அவர் போன இடமெல்லாம் அந்தத் தேதிச் சீட்டு வந்தது.

விருது கொடுக்க ஆள், பணம், நேரம் எதுவும் இல்லாத சின்ன மருத்துவமனையில் இருக்கிறீர்களா? அறிக்கை எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் கொடுங்கள். படித்தோம், இதை மாற்றினோம், அல்லது இந்தக் காரணத்தால் இப்போது மாற்ற முடியவில்லை என்று இரண்டு வரி, கையெழுத்தோடு. மாற்ற முடியாத பதிலாக இருந்தாலும் அவர்கள் அடுத்த அறிக்கையை எழுதுகிறார்கள். பதிலே வராதபோதுதான் நிறுத்திவிடுகிறார்கள்.